பரிசேயன் நிரப்பிய படிவம்

(பெங்களூருவில் ஒரு தமிழ்ச் சபையின் லெந்து, அதாவது தவக்காலக் கூட்டத்தில் பேசியது)

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஊரில் லெந்து நாள்களும் ஆபீஸ் அப்ரைசலும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வருகின்றன. உங்களில் சில பேர் இன்று அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து நேரே இங்கே வந்திருப்பீர்கள். ‘இந்த வருஷம் நான் சரியாக வேலை பார்க்கவில்லை’ என்று அதில் யாரும் எழுதுவதில்லை. எழுதவும் வேண்டாம், இஎம்ஐ இருக்கிறது.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் ஒரு பரிசேயன் வருகிறான், மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளுகிற யூதன். அவன் அந்தப் படிவத்தை ஆலயத்துக்கே கொண்டுபோய் ஜெபமாக வாசித்தான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம் என்கிறான். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் கட்டாயமாக்கியது வருஷத்தில் ஒரு நாள், பாவநிவாரண நாள் மட்டும்தான். டார்கெட்டை எங்கேயோ தாண்டிவிட்டான்! சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம், பத்தில் ஒரு பங்கு காணிக்கை வேறு. அவன் சொன்னதில் பொய் இருந்ததாக இயேசு எங்கேயும் சொல்லவில்லை. இப்படி ஒருவர் நம் சபையில் இருந்தால் நாமே பொருளாளராகப் போட்டிருப்போம். ஆனால் அந்த ஜெபத்தை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. கடவுளிடம் கேட்க அவனுக்கு ஒன்றுமே இல்லை. தன்னை அளந்து காட்ட மட்டும், அதே ஆலயத்தில் தள்ளி நின்று ஜெபிக்கிற ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், தேவைப்படுகிறான்.

அந்த ஆயக்காரனை அப்பாவி என்று எண்ணிவிடாதீர்கள். ரோம ஆட்சிக்காகச் சொந்த ஜனத்திடம் வசூல் செய்கிறவன். விதித்ததற்கு மேலே பிடுங்குவது அந்தத் தொழிலில் சகஜம். ‘மேலிடத்து நெருக்கடி, வீட்டில் பிள்ளைகள்’ என்று அவன் சொல்லியிருக்கலாம், பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். சொல்லவில்லை. “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்”, அவ்வளவுதான்.

சவுல் ராஜாவைப் பாருங்கள், 1 சாமுவேல் 15. எதிரிகளான அமலேக்கியரின் எல்லாவற்றையும் அழித்துவிடு என்பது கர்த்தரின் கட்டளை. அவர்களின் ஆடுமாடுகளைத் தப்பவைத்துவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். பின்னால் ஆடு கத்துகிறது. சாமுவேல் தீர்க்கதரிசி கேட்டால், ஜனங்கள்தான் செய்தார்கள், அதுவும் பலியிடுவதற்காக! கடைசியில் பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறான். சரி, அத்தோடு விட்டானா? மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று அதே மூச்சில் கேட்கிறான். எனக்கு சவுலைப் பார்த்தால் கோபம் வருவதில்லை, பரிதாபமாகத்தான் இருக்கிறது. மன்னிப்பு வாசல்வரை வந்தபோதும் மரியாதையைத்தான் கேட்டான்.

காரணம் செல்லுபடியாகிற இடத்தில் மன்னிப்புக்கு வேலை இல்லை. நாம் தப்பைச் சின்னதாக்கிக் காட்டுகிறோம். கிருபை அதை முழு அளவில் பார்த்துவிட்டுத்தான் மன்னிக்கிறது. இந்தக் கிருபையைப் பற்றித்தான், 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் என்ற துறவி கத்தோலிக்கத் திருச்சபையோடு தொடங்கின சண்டை. நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்று லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்திட 1999 ஆயிற்று. வீட்டில் ஒரு சண்டை ஒரு வாரம் நீண்டால் ரொம்பக் கவலைப்படாதீர்கள்.

‘அப்போ இஷ்டப்படி இருக்கலாமா ஐயா?’ என்று வாலிபர்கள் கேட்பார்கள். ரோமர் 6இல் பவுலே அந்தக் கேள்வியை எடுத்து, கூடாது என்கிறார். நான் லூக்கா 19இல் வருகிற சகேயுவைக் காட்டுகிறேன், எரிகோ ஊரின் ஆயக்காரர் தலைவன். அவன் திருந்தின பிறகு இயேசு வீட்டுக்கு வரவில்லை. வருகிறேன் என்றார், அப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான். ஏமாற்றி வாங்கினதை ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறவன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமம் 6 சொல்கிறது. சகேயு நாலத்தனையாக, நாலு மடங்காகத் தருகிறேன் என்கிறான். அவனும் சட்டத்தைத் தாண்டித்தான் போகிறான், பரிசேயனைப்போலவே. ஆனால் அதை அவன் தன் கணக்கில் வரவு வைக்கவில்லை. அந்தப் பணம் எரிகோவில் அவன் யார் யாரிடம் பிடுங்கினானோ, அவரவர் வீட்டுக்குப் போக வேண்டிய பணம்.