மதிமுகமும் முகமதியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மதிமுகம், முகமதி. இரண்டிலும் இருப்பது அதே நிலவு, அதே முகம். முன்பின்னாக மாறி நிற்கின்றன, அவ்வளவுதான். ஆனால் முதலாவது உவமை, அடுத்தது உருவகம்.

மதி போன்ற முகம் என்னும்போது முகம் முகமாகவே இருக்கிறது. முகமாகிய மதி என்றாலோ முகமே நிலவாகிவிடுகிறது. ஆகவே தொகையை, அதாவது இப்படிச் சேர்ந்து நிற்கும் சொற்களை, விரித்துப் பாருங்கள். நடுவே ‘போன்ற’ பொருந்தினால் உவமைத்தொகை. ‘ஆகிய’ பொருந்தினால் உருவகம். தேன்தமிழையும் தமிழ்த்தேனையும் இப்படியே பிரித்தறியலாம்.

இந்தச் சோதனை சில இடங்களில் ஏமாற்றும். சாரைப்பாம்பையும் ‘சாரையாகிய பாம்பு’ என்றுதான் விரிப்போம். அதை உருவகம் என்று எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் உண்டு. சாரை உண்மையிலேயே பாம்பு. அதனால் அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. முகம் உண்மையில் நிலவு அல்ல. அந்த ‘அல்ல’ இருந்தால்தான் உருவகம். ‘போல’ என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதில் ஒப்புமையே இல்லை, ஊகம்தான்.

எதை வைத்து ஒப்பிடுவது? வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது தொல்காப்பிய உவமவியல். புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போல வழங்கும் கை என்றால் பயன். துடி, அதாவது உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் உரு, அதாவது நிறம். உவமையைக் கண்டதும் இந்தப் பொதுத்தன்மையைத் தேடுங்கள், சுவை அங்கேதான் இருக்கிறது. குறுந்தொகை 40ஆம் பாட்டில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ நெஞ்சங்கள் கலந்தன என்று வருகிறது. செந்நிறத்தோடு நின்றுவிட்டால் பாட்டு கைநழுவிப் போகும். செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணின் நிறத்தையே தன் நிறமாக்கிக்கொள்கிறது. எது மண், எது நீர் என்று பிரிக்க முடியாத அந்தக் கலப்புதான் உவமை. எவ்வளவு அருமையான உவமை! அதன் பெயராலேயே புலவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

உருவகத்தில் பிழை பெரும்பாலும் வினைச்சொல்லில் நேர்கிறது. அறிவை விளக்காக்கிவிட்டு, அந்த விளக்கால் வறுமையை வெட்டச் சொன்னால் உருவகம் அங்கேயே உடைந்துபோகும். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்கிறார் வள்ளுவர். பிறவி கடலானதால் வினையும் நீந்துவதாயிற்று. ஆனால் அந்தக் கடலைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்று அவர் சொல்லவில்லை. ஒன்றை உருவகமாக்கி, அதனோடு தொடர்புடைய மற்றொன்றை அப்படியே விட்டுவிடும் இதற்கு ஏகதேச உருவக அணி என்று பெயர். விடுபட்ட அந்தத் தெப்பத்தை, குறளைப் படிப்பவர்தான் மனத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வணக்கம்.