மழையில பெருத்து வெயில்ல சுருங்குற மூங்கில்

நேயர்களுக்கு வணக்கம். இன்னைக்கு நான் பேச வந்திருக்கிறது ஒரு மூங்கிலைப் பத்தி. லாவோஸ் நாட்டோட நடுப்பகுதியில கம்முவான்னு ஒரு மாகாணம், அங்க கூர்கூரா நிக்கிற சுண்ணாம்புக்கல் மலைகள்ல, பாறை மேலயே வளருற மூங்கில் இது. 2020லதான் இதுக்கு அறிவியல் பேர் கிடைச்சுது, லாவோபேம்போஸ் கால்காரியஸ். பேரினம்னா நெருங்கிய உறவுள்ள இனங்களோட தொகுதி, ஏற்கெனவே தெரிஞ்ச எந்தப் பேரினத்துலயும் இதைச் சேர்க்க முடியாததால பேரினமே புதுசா உருவாக்க வேண்டியதாப் போச்சு. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோட தாமஸ் ஏவர்மான்ஸ், லாவோஸ் தாவரவியலாளர் விச்சித் லாம்சாய், சீனாவைச் சேர்ந்த தே-சு லி, அப்புறம் கட்டடச் சுவத்துல செடி வளக்கிறதுக்குப் பேர்போன பாட்ரிக் பிளாங்க், இவங்கல்லாம் உள்ள ஒரு குழு ஃபைட்டோகீஸ்ங்கிற ஆய்விதழ்ல இதை வெளியிட்டாங்க.

இதுல அப்படி என்ன விசேஷம்னு கேட்டீங்கன்னா, இது சதைப்பற்றுள்ள மூங்கில். கள்ளி, கற்றாழை மாதிரி தண்ணியைத் தனக்குள்ளயே சேத்து வச்சுக்கிற மூங்கில், இப்படி ஒண்ணு இதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது. மழைக்காலத்துல தண்டு பெருக்குது, வறண்ட காலத்துல சுருங்குது, கூடவே இலையையும் உதிர்த்துடுது.

இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா சாதாரண மூங்கில் எப்படி வளருதுன்னு பாக்கணும். மரம் வருஷா வருஷம் பருமனாகும், உள்ள அதுக்குன்னு ஒரு திசு அடுக்கு இருக்கு. மூங்கில் புல் குடும்பம், அதுக்கு அந்த அடுக்கே கிடையாது. மண்ணை முட்டிக்கிட்டு முளை வெளிய வரும்போது என்ன பருமனோ அதுதான் கடைசி வரைக்கும், அப்புறம் உயரம் மட்டும்தான் கூடும், சில மாசத்துல முழு உயரத்தையும் எட்டிட்டு தண்டு இறுகிக் கெட்டியாயிடும். அதனாலதான் மூங்கிலை நம்பி ஏணி கட்டுறாங்க, சாரம் கட்டுறாங்க. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துல பிறந்துட்டு ஒரு செடி பருவத்துக்குத் தகுந்தபடி தண்டோட பருமனை மாத்திக்குதுன்னா, அது மூங்கிலுக்கான இலக்கணத்தையே விட்டு வெளிய வந்து நிக்குது, எனக்கு இதை எத்தனை தடவை நினைச்சாலும் ஆச்சரியம் அடங்கல.

அதுக்குக் காரணம் அந்த மலைதான். சுண்ணாம்புக்கல் மழைத்தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையுற பாறை, அதனால மேல பூரா வெடிப்பு, பொந்து, உள்ள குகை. எவ்வளவு மழை பெஞ்சாலும் தண்ணி மேல நிக்காது, வெடிப்பு வழியா அடியில ஓடிடும். மண்ணுன்னு பாத்தா இடுக்குல இருக்கிற கொஞ்சம்தான், அதுலயும் கால்சியம் ஏராளம், இரும்பும் பாஸ்பரஸும் வேருக்கு எளிதா கிடைக்காது. லாவோஸ்ல ஏறக்குறைய மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் மழை கொட்டும், அதுக்கப்புறம் மாசக்கணக்குல வறட்சி, வெறும் பாறை வெயில்ல கொதிக்கும். ஆறு மாசம் கொட்டுறதைப் பிடிச்சு வச்சு அடுத்த ஆறு மாசத்தைத் தள்ளணும், பிடிச்சு வைக்க மண்ணு இல்ல, அதனால தண்டே தொட்டியாயிடுச்சு.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஒரு புதுத் தாவரத்தை எப்படிப் பதிவு பண்றாங்க? கிளையோ தண்டோ வெட்டி, காகிதத்துக்கு நடுவுல வச்சு அழுத்தி, காய வச்சு, அட்டையில ஒட்டி ஹெர்பேரியம்னு சொல்ற உலர்தாவரக் காப்பகத்துல வைப்பாங்க. அதுல ஒண்ணை டைப் ஸ்பெசிமன்னு குறிப்பாங்க, அந்தப் பேர் காலத்துக்கும் அந்த மாதிரியோடதான் கட்டுண்டு கிடக்கும். கூடவே ஒரு விவரணம் எழுதணும், 2011 முடியுற வரைக்கும் அது லத்தீன்லதான் இருக்கணும்னு விதி, 2012லருந்து ஆங்கிலமும் செல்லும். சரி, மூங்கில்ல எதைப் பாத்து எழுதுவாங்க? புல் குடும்பத்துக்கு பூதான் முக்கியமான அடையாளம், ஆனா மூங்கில் பூக்குறதுக்கு எத்தனை வருஷம் காத்திருக்கிறது, மிசோரம்ல மௌடாம்னு சொல்ற மூங்கில் பூப்பு ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒரு தடவை வருது. அதனால முளையை மூடியிருக்கிற உறையைப் பாப்பாங்க, அந்த உறையோட நுனி, ஓரத்துல இருக்கிற காது மாதிரி மடல், அதுல மயிர் இருக்கா இல்லையா, ஒரு கணுவுல எத்தனை கிளை, அதுல நடுக்கிளை பெருசா இல்ல எல்லாம் ஒரே அளவா, ரெண்டு கணுவுக்கு நடுவுல தண்டு உள்ள பொள்ளலா கெட்டியா, இப்படி. உறை காஞ்சு விழுந்துட்டா பாதி அடையாளம் போச்சு. இப்போ டிஎன்ஏ வந்த பிறகு உறவுமுறை கண்டுபிடிக்கிறது எவ்வளவோ தெளிவாயிருக்கு.

ஆனா நம்ம லாவோஸ் மூங்கிலை யோசிச்சுப் பாருங்க. அதோட தனித்தன்மையே தண்ணி பிடிச்ச தண்டு. அழுத்திக் காய வச்ச அந்த நிமிஷமே அந்தத் தண்ணி போயிடும். அட்டையில ஒட்டியிருக்கிற மாதிரியை மட்டும் கையில கொடுத்தா, எவ்வளவு பெரிய நிபுணரா இருந்தாலும் இது மழைக்காலத்துல எப்படி இருந்துச்சுன்னு அதைப் பாத்து மட்டும் சொல்றது கஷ்டம். ஒரே செடியை மழையிலயும் பாக்கணும், வறட்சியிலயும் பாக்கணும், பாத்ததை அங்கயே எழுதி வைக்கணும், படம் எடுக்கணும். கள நோட்டுப் புத்தகத்தை ஹெர்பேரியம் அட்டைக்குக் கீழ்ப்பட்டதா நினைக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அதுல துளியும் சம்மதம் இல்ல.

சுண்ணாம்பு மலையில மட்டும் வாழுற மூங்கில் வேற சிலதும் உண்டு. தெற்கு தாய்லாந்து சுண்ணாம்புக் குன்றுகள்லருந்து டெமோக்ளோவாங்கிற பேரினத்தை தாவரவியலாளர் சோயெஜட்மி டிரான்ஸ்ஃபீல்டு 2000ல வெளியிட்டாங்க. சீனாவுல குய்ஷோ மாகாணத்துல லிபோ பக்கம் சுண்ணாம்புப் பாறையில வளருற ஒரு சின்ன மூங்கிலை வேற பேரினத்துல வச்சிருந்தாங்க, டிஎன்ஏ பாத்துட்டு 2018ல ஸுவேஹோக்ளோவான்னு தனிப் பேரினமா பிரிச்சாங்க. இப்படி ஒவ்வொண்ணும் தனியா நிக்கிறதுக்குக் காரணம், இந்த மலைகள் பல இடத்துல சமவெளிக்கு நடுவுல தீவு தீவா கிடக்குறதுதான், ஒரு குன்றுல இருக்கிறது பக்கத்துக் குன்றுக்குப் போக வழியில்லாம அங்கயே தனிப்போக்குல மாறிடுது. இதே கம்முவான்ல தாகேக்ங்கிற ஊர்ச் சந்தையில இறைச்சிக்கு வித்துக்கிட்டிருந்த ஒரு கொறிக்கும் விலங்குதான் 2005ல லாவோனாஸ்டெஸ்னு புதுசா விவரிக்கப்பட்டுது, அது 1.1 கோடி வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சதா நினைச்ச ஒரு குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு அடுத்த வருஷமே தெரிய வந்துச்சு.

அதே மலைதான் சிமெண்ட்டுக்கும் மூலப்பொருள். தென்கிழக்கு ஆசியாவுல சுண்ணாம்புக்கல் நிலம் சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர்னு ஒரு கணக்கு உண்டு, கேக்க ஏராளமாத்தான் தெரியுது, ஆனா ஒரே குன்றுல மட்டும் இருக்கிற உயிருக்கு அந்தக் குன்றுதான் மொத்த உலகமும், அதை வெடிவச்சு லாரியில ஏத்திட்டா திரும்ப எங்கயும் தேட முடியாது. குவாரிக்கு அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி தாவரக் கணக்கெடுப்பு எடுக்கிறாங்கன்னே வச்சுக்குவோம், போறது பெரும்பாலும் பாறை ஏற வசதியான வறண்ட காலத்துலதான் இருக்கும், அப்ப இந்த மூங்கில் இலையில்லாம சுருங்கிப்போன குச்சியாத்தான் கண்ணுக்குத் தெரியும், காஞ்சுபோன புதர்னு எழுதிட்டு வந்துடலாம். அதனால நான் கேக்கிறது இதுதான்: சுண்ணாம்பு மலையில எந்தக் கணக்கெடுப்பா இருந்தாலும் மழைக்காலத்துல ஒரு தடவை, வறட்சியில ஒரு தடவை, ரெண்டு பருவமும் பாத்த பிறகுதான் அறிக்கையை ஏத்துக்கணும், ஒரு பருவம் மட்டும் பாத்த அறிக்கையைத் திருப்பி அனுப்பணும்.

நன்றி, வணக்கம்.