நான் தேவனா?

(எங்கள் திருச்சபைச் சேகரத்துக் குடும்ப ஐக்கியக் கூடுகையில் பேசியது. வாசிப்பதற்குத் தோதாகக் கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.)

சேகரகுரு ஐயா அவர்களுக்கும், வந்திருக்கிற பெரியவர்கள், தாய்மார்கள், வாலிபப் பிள்ளைகள் எல்லாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

"அன்றாட வாழ்க்கையில் கர்த்தரை நம்புவது" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் இருந்த ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

உங்களில் வயதானவர்கள் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்களுக்குத் தோதான உயரம். சின்னப் பிள்ளையில் நான் ஆச்சியோடு சந்தைக்குப் போவேன். ஆச்சி தலையில் கடகப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருக்கும். சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி, மேலே ஓலை போட்டு மூடியிருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். வழியில் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட யாரைத் தேடுவது? அதனால் கல் வருகிறவரைக்கும் நிற்கவே மாட்டாள். கல் வந்ததும் அதன் பக்கமாகத் திரும்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடகத்தை அப்படியே கல்லின்மேல் நகர்த்தி வைத்துவிடுவாள். அப்புறம் சும்மாட்டை எடுத்து உதறி, அந்தத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அதுவரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அங்கே நின்றுதான் என் முகத்தைப் பார்ப்பாள். "பசிக்காலே?" என்று கேட்பாள்.

ஆச்சிக்கு என்மேல் பாசம் இல்லாமலா வழியெல்லாம் பேசாமல் வந்தாள்? தலையில் பாரம் இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் நடந்து வருகிற பிள்ளையின் முகம் தெரியாது. இது எனக்குப் புரிய ஐம்பது வயதாயிற்று.

55-ஆம் சங்கீதத்தில், "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்று வாசிக்கிறோம். சுவரில் மாட்டுகிற காலண்டரில்கூட இந்த வசனம் இருக்கும். ஆனால் அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். அங்கே பாரம் என்பது கடன் அல்ல, வியாதியும் அல்ல. என்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன், இரண்டு பேரும் சேர்ந்துதானே தேவனுடைய வீட்டுக்குப் போனோம் என்று ஒரு மனிதன் உடைந்துபோய்ப் புலம்புகிறான். கூட இருந்தவன் கைவிட்டதுதான் அவனுக்குப் பாரம். அந்தப் பாரத்தைத்தான் வைத்துவிடச் சொல்கிறார்.

நம் மொழியில் "வைத்துவிடு" என்பதற்கும் "வைத்துப் பார்" என்பதற்கும் எவ்வளவு தூரம்! நாம் பெரும்பாலும் வைத்துப் பார்க்கிறோம். முழங்காலில் நிற்கிறபோது வைக்கிறோம். எழுந்திருக்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். இன்னொன்றும் கவனியுங்கள். பாரம் காணாமல் போய்விடும் என்று வசனம் சொல்லவில்லை. "உன்னை ஆதரிப்பார்" என்றுதான் சொல்கிறது. ஆச்சிக்கும் கல்லைத் தாண்டி நடக்க வேண்டிய தூரம் இருந்தது.

சரி, கர்த்தர்மேல் வைக்காத பாரம் எங்கே போகிறது? நம் தலையிலேயே இருந்து நம்மை மட்டும் அமுக்கினால்கூடப் பரவாயில்லை. அப்படி நடப்பதில்லை. அதைக் கொண்டுபோய் வீட்டில் இருக்கிறவர்கள் தலையில் ஏற்றுகிறோம். புருஷன் தலையில், பெண்சாதி தலையில், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையின் தலையில். நீதான் என்னைச் சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும், நீ வாங்குகிற மார்க்கில்தான் என் மானம் இருக்கிறது, நீ இல்லாவிட்டால் எனக்கு வாழ்வே இல்லை. கேட்கும்போது அன்பு மாதிரித்தான் இருக்கும். ஆனால் தேவன் ஒருவரால் மட்டும் சுமக்க முடிகிறதை ஒரு மனுஷன் தலையில் வைத்தால் அவன் கழுத்து ஒடியும்.

ராகேல் அதைத்தான் செய்தாள். ஆதியாகமம் 30-ஆம் அதிகாரம். அவளுக்காக யாக்கோபு 14 வருஷம் மாமனாரிடம் வேலை செய்தவன். அப்படிப்பட்ட புருஷனிடம் அவள், "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்கிறாள். அவனுக்குக் கோபம் மூண்டது. "நான் தேவனா?" என்று கேட்டான்.

யாக்கோபு அந்த இடத்தில் கோபப்பட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அவனுடைய அம்மா ரெபெக்காளும் பிள்ளையில்லாமல் இருந்தவள்தான். அப்பா ஈசாக்கு அவளுக்காகக் கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்தார், அதற்குப் பிறகு பிறந்தவன்தான் இந்த யாக்கோபு. தன் அப்பா செய்ததை இவனும் செய்திருக்கலாம். ராகேலின் கையைப் பிடித்துக்கொண்டு, வா, இரண்டு பேருமாகக் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல் எரிந்து விழுந்தான். ஆனாலும் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நம் வீடுகளில் நடக்கிற பாதிச் சண்டைக்கு அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது. வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் கதவைச் சாத்துகிறோம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறோம்.

என்னிடம் இதைக் கேட்டவன் என் மகன். முதல் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போயிருந்தான். தினமும் இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் முடிந்ததும் நான் போன் செய்வேன். ஒரு நாள் அவன் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அடித்தேன். அப்புறம் அவனோடு தங்கியிருந்த பையனுக்கு அடித்தேன். மணி பத்தரை ஆகிவிட்டது. மேஜையில் இரண்டு தட்டு கவிழ்த்தபடி இருந்தது. நான் சாப்பிடவில்லை என்று என் மனைவியும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு அவனே கூப்பிட்டான். வேலை முடிய நேரமாகிவிட்டதாம், போன் பையில் இருந்ததாம். நான் சத்தம் போட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்பா, ஒம்பது மணிக்குத்தானே எனக்காக ஜெபம் பண்ணுனீங்க? அப்புறம் ஏம்பா பதினொரு தடவ போன் அடிச்சிருக்கீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவன் நான். மகனைக் கர்த்தருடைய கையில் கொடுத்தேன் என்று சாட்சி சொன்னவன். கொடுத்தது உண்மைதான். கொடுத்த கையை எடுக்கவில்லை. என் பயத்தைத் தாங்குகிற வேலையை அந்தப் பையன் தலையில் ஏற்றியிருக்கிறேன். அவனுக்கு ஆபீஸ் பாரமும் அப்பா பாரமும். என் மனைவிக்குப் பட்டினி.

அன்றைக்கு இரவு அந்தத் தட்டைத் திருப்பிச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அன்னாள் நினைவுக்கு வந்தாள். பிள்ளையில்லாத அவளும் சாப்பிடாமல் இருந்தவள்தான். ஆலயம் இருந்த சீலோவுக்கு வருஷா வருஷம் பலியிடப் போகும்போதெல்லாம் புருஷனுடைய இன்னொரு மனைவி பெனின்னாள் அவளை வதைப்பாள், இவள் அழுவாள், சாப்பிடமாட்டாள். அவள் புருஷன் எல்க்கானா நல்ல மனுஷன். பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகம் அல்லவா என்று கேட்கிறான். அன்னாள் அதற்குப் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவன் ஆசையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்த இடத்தை அவனால் நிரப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவனோடு அவள் சண்டைக்கும் போகவில்லை. எழுந்து ஆலயத்துக்குப் போனாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்துவிட்டார். "என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்" என்றாள். பாருங்கள், இங்கேயும் "விட்டேன்". அதற்குப் பிறகு அவள் புறப்பட்டுப்போய்ச் சாப்பிட்டாள், துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அப்போது அவள் மகன் சாமுவேல் பிறக்கவில்லை. கர்ப்பம் தரித்த சேதிகூட இல்லை. சாப்பிட்டாள்.

இந்த இடத்தில் நம் சபையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பெண் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலிலேயே நிறுத்தி "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கிறோம். அக்கறையாகத்தான் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். அந்தப் பெண் ஆலயத்துக்குள்ளே இறக்கி வைத்த பாரத்தை வாசலில் நின்று மறுபடி அவள் தலையில் தூக்கிவிடுகிறோம். தாய்மார்களே, தயவுசெய்து இந்தக் கேள்வியை நிறுத்துங்கள். அன்னாளுக்குப் பிள்ளை கிடைத்தது, உனக்கும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அந்த வாக்குக் கொடுக்க நாம் யார்?

கேட்டது கிடைக்காத வீடு எங்கள் வீடு. என் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருஷம் டயாலிசிஸ் செய்தோம். உபவாசம் இருந்தோம். சபையே ஜெபித்தது. 34 வயதில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அம்மா அடுப்படியில் இருந்தார்கள். உலைக்கு அரிசி அளந்துவிட்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, எப்போதும் போல ஜன்னலோரத்து டப்பாவில் போட்டார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை உங்களுக்குத் தெரியும். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கர்த்தருக்கு. கை நடுங்கியது. இரண்டு மூன்று அரிசி கீழே சிந்தியது. குனிந்து அதையும் பொறுக்கி டப்பாவிலேயே போட்டார்கள். நான் அந்தக் காலையில் ஜெபிக்க முடியாமல், ஜெபிக்க மனமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அம்மா எனக்கு எந்த வசனமும் சொல்லவில்லை. "பல்லு தேச்சிட்டு வா, காப்பி போடுதேன்" என்றார்கள்.

நம்பிக்கை என்றால் என்னவென்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்த டப்பாதான் கண்ணில் வருகிறது.

அப்புறம் இன்னொரு காரியம். கர்த்தரை நம்பு என்று நாம் சொல்லுவதை வைத்து வீடுகளில் சில அநியாயங்கள் நடக்கின்றன. அடி வாங்குகிற பெண்ணிடம், "விசுவாசமாய்ப் பொறுத்துக்கொள், கர்த்தர் அவனை மாற்றுவார்" என்று சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். இது சுவிசேஷம் அல்ல. கர்த்தரை நம்புவது வேறு, கை ஓங்குகிறவனை நம்புவது வேறு. யோவான் 2-ஆம் அதிகாரத்தில், இயேசு எல்லாரையும் அறிந்திருந்தபடியால் அவர்களை நம்பி இணங்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பிதாவை முழுக்க நம்பினவரே எல்லா மனுஷரையும் அப்படி நம்பிவிடவில்லை. அப்படிப்பட்ட சகோதரி இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

யாக்கோபின் மகன் யோசேப்பைப் பாருங்கள். தன்னைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது, அவன் உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, திருட்டுப் பழி சுமத்திப் பார்த்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்னே வந்த பிறகுதான் கண்ணீர்விட்டுத் தன்னை வெளிப்படுத்தினான். பழிவாங்குவதற்காக அப்படிச் செய்தான் என்று நான் நினைக்கவில்லை. மனம் மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை இருந்தது.

அதற்குப் பிறகு யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் உயிரோடு இருந்தான். அவ்வளவு நாளும் அண்ணன்மார் யோசேப்பு கொடுத்ததைத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் அப்பா கண்ணை மூடினதும் பயந்துவிட்டார்கள். இனி நம்மைச் சும்மா விடமாட்டான் என்று மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். அவர்களே வந்து காலில் விழுந்தபோது சொன்னான்: "பயப்படாதிருங்கள், நான் தேவனா?"

அதே வார்த்தை. அப்பா கோபத்தில் சொன்னதை மகன் அழுதபடி சொல்கிறான். தீர்ப்புச் சொல்கிற பாரத்தை அவன் தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அண்ணன்மாரின் முகத்தை நேராகப் பார்த்து, உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன் என்று சொல்ல முடிந்தது.

யோசேப்பு ராகேலின் மகன். பிள்ளையில்லாவிட்டால் சாகிறேன் என்ற ராகேல், இரண்டாவது பிள்ளையைப் பெறும்போது வழியிலேயே இறந்துபோனாள். எப்பிராத்தா என்னும் பெத்லகேமுக்குப் போகிற பாதையில் அவளை அடக்கம்பண்ணி, அங்கே யாக்கோபு ஒரு தூணை நிறுத்தினான்.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோகிற பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்துக்காக, வழியில் போகிற யாரும் தங்கள் பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம். எங்கள் ஊர்க் கல்லும் யாரோ ஒரு பெண்ணுக்காக நட்டது என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். பேர் அவளுக்கும் தெரியாது. கடகத்தை மறுபடி தலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கல்லை ஒரு தரம் தொட்டுக்கொள்வாள்.

நேரமாகிவிட்டது. ஜெபத்துக்குப் போகுமுன் உங்கள் மனசில் இப்போது யாருடைய முகம் வந்துகொண்டிருக்கிறதோ, அந்தப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டாம். இரண்டு நிமிஷம் மௌனமாக இருப்போம்.