ஆடத் தெரியாதவனும் கோணல் மேடையும்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, சனிக்கிழமை ராத்திரி மேட்சை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் புண்ணியவான்களே, வணக்கம்.

கால்பந்து வீரரின் கோல் கணக்கை எழுதுவது அவர் காலா, அவருக்கு அமைந்த அணியும் வாய்ப்புமா? நான் அணி, வாய்ப்பு பக்கம். எதிரணி அம்மையார் இறங்கும்போது ஒரு பழமொழியை வீசிவிட்டுப் போனார்: "ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்." நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம். அதற்கு வருகிறேன். முதலில் ஒரு கதை.

2018, ரஷ்யா, உலகக் கோப்பை. பிரான்ஸ் அணியில் 9-ஆம் நம்பர் ஒலிவியே ஜிரூ. 9-ஆம் நம்பர் என்றால் கோல் அடிப்பதற்கென்றே சட்டை போட்டவர். ஏழு ஆட்டத்திலும் இறங்கினார். மொத்தம் 546 நிமிடம், ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். எத்தனை கோல்? பூஜ்யம். சரி, கீப்பர் தடுத்திருப்பார் என்பீர்கள். கோலுக்குள் போகிற மாதிரி அடித்தால்தானே கீப்பர் தடுக்க முடியும்? அப்படி ஒரு ஷாட்கூட இல்லை!

பின் வரிசையில் யாரோ நம்பாமல் பார்க்கிறார். உங்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். கல்யாணத்துக்குத் தலைமைச் சமையல்காரர் வந்தார். ஏழு பந்தி நடந்தது. ஏழிலும் கரண்டியோடு நின்றார். ஒரு வடைகூடச் சுடவில்லை. ஆனால் சாப்பாடு பிரமாதம், சம்பந்தி வீட்டுக்காரர்களே பாராட்டிவிட்டுப் போனார்கள். கோப்பை பிரான்ஸுக்கு!

இதில் கொடுமை, பெருவோடு ஆடிய ஆட்டம். மனிதர் அன்றைக்குக் கோலைப் பார்த்து ஒன்று விட்டார். அதுவும் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு எகிறி, கீப்பர் தலைக்கு மேலே போனது. எங்கிருந்தோ ஓடிவந்த சக வீரர் எம்பாப்பே ஒரு தட்டு. கோல்! யார் கணக்கில்? எம்பாப்பே கணக்கில்.

அப்படியானால் இவர் எதற்கு? முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் தெஷாம்ப் இவரை வெளியே உட்கார வைத்துத்தான் தொடங்கினார். ஆஸ்திரேலியாவிடம் பிரான்ஸ் திணறியது. கடைசி இருபது நிமிடத்துக்கு இவரை இறக்கினார், வெற்றி கோல் வந்தது. அடுத்த ஆறு ஆட்டத்திலும் முதல் நிமிடத்திலிருந்தே ஜிரூ. எதிரிக் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். முரட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் அவர் மேலேயே சாய்ந்து கிடப்பார்கள். அந்த இடைவெளியில் எம்பாப்பே ஓடுவார், கிரீஸ்மன் ஓடுவார். ஆளுக்கு நாலு கோல். இவருக்கு முதுகுவலி. அதற்கு எந்தப் புள்ளிவிவரத்தில் கட்டம் இருக்கிறது, சொல்லுங்கள்?

இப்போது அம்மையாரின் மேடைக்கு வருகிறேன். ஆடத் தெரியாதவன் சொன்னால் சிரிக்கலாம். ஆடத் தெரிந்தவரையே கோணல் மேடையில் ஏற்றினால்? மெஸ்ஸி. 2012-இல் ஒரே வருடத்தில் 91 கோல் அடித்தவர். பார்சிலோனா கிளப்பில் கடைசி சீசன், 2020-21, உள்நாட்டு லீக்கில் மட்டும் 30 கோல். மறு சீசன் பாரிஸ் கிளப். லீக்கில் 26 ஆட்டம், எத்தனை கோல்? ஆறு! அம்மையாரே, கால்களை பார்சிலோனாவிலேயே மறந்துவிட்டு விமானம் ஏறினாரா? கால் அதே கால்தான். பதின்மூன்று வயதிலிருந்து பழகிய அணி இல்லை, பந்து எந்த இடத்தில் வரும் என்ற பழக்கம் இல்லை. அப்புறம் கத்தார், 2022 உலகக் கோப்பை. அர்ஜென்டினாவே அவரைச் சுற்றி ஆடியது. ஏழு ஆட்டம், ஏழு கோல். "அதில் நாலு பெனால்டி" என்று அங்கிருந்து குரல் வருகிறது. ஆமாம் தாயே, நாலு பெனால்டி! அதை அடிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது யார்? எனக்காக நீங்களே பேசுகிறீர்கள், நன்றி.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, ஒரே ஒரு நிமிடம். கணக்கு வழக்கை இத்தோடு விடுகிறேன்.

பத்தாம் வகுப்பில் பள்ளிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. நான் மூன்று கோல் போட்டேன். அந்தக் கோப்பை இன்றைக்கும் எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. மூன்று பந்தும் என் சித்தப்பா மகன் இடது ஓரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. கோலுக்கு நேரே நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். என்னைவிட அவன் நன்றாக ஆடுவான், ஊருக்கே தெரியும். மாவட்டத் தேர்வுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரு ஜோடி பூட்ஸ். "மூணு கோல் அடிச்சவன் நீதானே, நீ போட்டுக்கோ" என்றான். நான் போட்டுக்கொண்டேன் ஐயா. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான். இன்றைக்கு என்னை பைக்கில் கொண்டுவந்து இறக்கியதும் அவன்தான். உள்ளே வாடா என்றால் வரமாட்டேன் என்கிறான். "நீ பேசிட்டு வா, நான் வண்டியைப் பார்த்துக்கறேன்" என்று வாசலில் நிற்கிறான். வணக்கம்.