ஸ்டேட் தெரு முனையில் ஒரு கடைக் கட்டிடம்

நண்பர்களே,

சிகாகோவின் மையத்தில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கிற முனையில் நிற்கும் ஒரு பல்பொருள் அங்காடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நகரம் முழுவதற்கும் கதவு எண்கள் அந்த முனையிலிருந்துதான் தொடங்குகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கடை போட யாருக்குத்தான் ஆசை இருக்காது?

1871-இல் பெருந்தீ அந்த வட்டாரத்தையே சாம்பலாக்கியது. தெரு மீண்டு எழுந்தபின் அங்கே வியாபாரம் செய்த ஷ்லெசிங்கர் அண்டு மேயர் கடைக்காரர்கள், கட்டிடக் கலைஞர் லூயி சல்லிவனை அழைத்தார்கள். 1899-இல் ஒரு பகுதி. 1903-04-இல் முனையை வளைத்தபடி பன்னிரண்டு மாடி.

சல்லிவன் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாரத்தை எல்லாம் எஃகுச் சட்டகமே தாங்குகிறது. சுவருக்குச் சுமை இல்லை. அதனால் மாடிக்கு மாடி அகலமான சன்னல்கள், கடையின் உள்ளே வரை பகல் வெளிச்சம். மேல் மாடிகளில் வெள்ளைச் சுடுமண் ஓடு, அதிக அலங்காரமில்லை. கீழ் இரண்டு மாடிகளில் மட்டும் வார்ப்பிரும்பில் இலையும் கொடியுமாக அள்ளி இறைத்திருக்கிறார். நடைபாதையில் போகிறவரின் கண் அந்த உயரத்தில்தானே நிற்கும்! கண்ணாடிக்குள் இருக்கும் சரக்குக்கு அது ஒரு படச்சட்டம். கடைக்காரரின் தேவையை இவ்வளவு மரியாதையோடு யோசித்த கலைஞர்கள் குறைவு என்பேன்.

ஆனால் கட்டச் சொன்னவர்களுக்கு அது நிலைக்கவில்லை. 1904-லேயே கடை ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் கைக்குப் போனது. சில மாதங்களில் அவரும் கார்சன் பிரி ஸ்காட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அப்புறம் லண்டன் போய் 1909-இல் தன் பெயரில் கடை திறந்தார். கார்சன் நிறுவனமோ நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. 1906-இல் கட்டிடத்தை நீட்டிய இன்னொரு கட்டிடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாமின் அலுவலகம் சல்லிவனின் வடிவத்தையே பின்பற்றியது. பெரிய மனசு அது.

சல்லிவனுக்கு அதன்பின் இத்தனை பெரிய வேலை எதுவும் அமையவில்லை; 1924-இல் வறுமையில் இறந்தார். 1948-இல் கட்டிடத்தின் உச்சி விளிம்பையும் கழற்றிவிட்டார்கள். 1975-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்கள். சரி, அறிவிப்பு வாடகை கட்டுமா? பழைய கடை வீதிகளைக் காக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

உச்சி விளிம்பு 2006-இல் திரும்ப வந்தது. மறு ஆண்டே கார்சன் கடையை மூடியது. சன்னல்களும் தளங்களும் எந்தத் தொழிலுக்கும் இடம் கொடுக்கும்படி இருந்ததால் மாடிகளில் அலுவலகங்களும் கலைக்கல்லூரி ஒன்றும் குடியேறின. கீழே 2012-இல் டார்கெட் கடை வந்தது. சல்லிவனின் இரும்புக் கொடிகளை மறைக்காமல், தன் சிவப்பு வட்டச் சின்னத்தைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்துக்கொண்டது.