துருப்புச் சீட்டு: ஆட்டத்துல என்ன, தலைப்புச் செய்தியில என்ன?

வணக்கம். மேசையில 32 சீட்டு இருக்கு. நாலு இனத்துலயும் ஏழுல இருந்து ஏஸ் வரைக்கும், இனத்துக்கு எட்டு. ‘இருபத்தெட்டு’ங்கற சீட்டாட்டம் ஆடுறவங்களுக்குப் பழகின கட்டுதான். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு. மத்ததுக்கு ஒண்ணுமில்ல. கூட்டினா 28.

தேர்தல் வந்துட்டா ‘துருப்புச் சீட்டு’ இல்லாத நாளிதழே இருக்காது. அந்த வார்த்தையை எடுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஆட்டத்தை ஒரு தடவை பாத்துடணும். கேமராவைக் கீழ இறக்குறேன், சீட்டைப் பாருங்க.

முதல் ஆள் இஸ்பேட் ஜாக்கி இறக்குறாரு. இஸ்பேட்ல அதை மிஞ்ச சீட்டே கிடையாது. அடுத்த ஆள் கையில இஸ்பேட் ஒண்ணுகூட இல்ல. துருப்பை, அதாவது மத்த இனத்தையெல்லாம் வெட்டுறதுக்குன்னு ரகசியமா வச்ச இனத்தை, திறக்கச் சொல்றாரு. கேள்வி கேட்டு, அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன்னு ஏலம் கேட்டு, எடுத்தவரு கவுத்து வச்ச சீட்டைத் திருப்புறாரு: ஆட்டின் (ஹார்ட்ஸ்). இப்ப இவரு ஆட்டின் ஏழு போட்டு வெட்டுறாரு. மூணாவது ஆள் இஸ்பேட் எட்டு, நாலாவது ஆள், அதாவது வெட்டினவரோட ஜோடி, இஸ்பேட் பத்து. ஜாக்கிக்கு 3, பத்துக்கு 1, மொத்தம் நாலு புள்ளியும் அந்த ஏழுக்குப் போயிடுச்சு. அந்த ஏழுக்குன்னு ஒரு புள்ளிகூட கிடையாது!

துருப்போட குணம் முழுக்க இதுல இருக்கு. சீட்டு சின்னதா இருக்கலாம், அந்த ஆட்டத்துக்கு மட்டும் அதுக்கு அதிகாரம் உண்டு. இறக்கின இனம் கையில இருக்குற வரைக்கும் வெட்ட முடியாது, இருந்தும் வெட்டினா அது கள்ள ஆட்டம். ஒரு தடவை போட்டா போட்டதுதான், திரும்பக் கைக்கு வராது.

இப்ப செய்திக்கு வருவோம். நம்ம புதுச்சேரி சட்டப்பேரவையை எடுத்துக்கங்க. தேர்ந்தெடுக்கப்பட்டவங்க 30, நியமன உறுப்பினர்கள் 3 பேர் வரைக்கும். 33 பேரும் இருந்தா பெரும்பான்மைக்கு 17 வேணும். ஒரு பக்கம் 16, இன்னொரு பக்கம் 15, நடுவுல ரெண்டு சுயேச்சைன்னு வச்சுக்கங்க. அந்த ரெண்டு பேரைத் துருப்புச் சீட்டுன்னு எழுதினா உவமை கச்சிதமா உக்காருது, ஏன்னா அவங்கதான் அந்த ஆட்டின் ஏழு. 16 பேர் வச்சிருக்குற கட்சித் தலைவரை அப்படி எழுதினா தப்பு. அவரு இஸ்பேட் ஜாக்கி.

எனக்கு ரொம்ப உறுத்துற தப்பு வேற ஒண்ணு. ‘மீனவர்களைத் துருப்புச் சீட்டாக்கும் கட்சிகள்’னு எழுதுறாங்க. சொல்ல வர்றது, அவங்களை உருட்டி விளையாடுறாங்கன்னு. அதுக்குத்தான் ‘பகடைக்காய்’னு வார்த்தை இருக்கே! துருப்பு ஜெயிக்குற சீட்டு, பகடைக்காய் உருட்டப்படுறது. மாத்திப் போட்டா அந்த மக்களோட நிலைமையே தலைகீழாப் போயிடுது.

இன்னொரு குழப்பம் எழுத்துல. படையைக் குறிக்குற ‘துருப்பு’ இங்கிலீஷ் ‘ட்ரூப்’. சீட்டுத் துருப்பு ‘ட்ரம்ப்’ குடும்பம், வெற்றியைக் குறிக்குற ‘ட்ரையம்ஃப்’ல இருந்து வந்தது. தமிழ்ல ரெண்டும் ஒரே எழுத்து. அதனால ‘துருப்புகளை இறக்கியது’ன்னு போட்டா ராணுவம்னுதான் படிப்பாங்க. சீட்டுன்னா ‘சீட்டு’ங்கறதை விடாதீங்க, நடுவுல ‘ச்’சும் வேணும்.

டச்சுல சீட்டுத் துருப்புக்கு ‘ட்ரூஃப்’. நம்ம சீட்டுப் பேருங்க டச்சுக்கு நெருக்கமா இருக்கு பாருங்க. கிளாவரை இங்கிலீஷ்ல ‘க்ளப்ஸ்’னுதான் சொல்வாங்க, டச்சுல ‘க்ளாவர்’, நம்ம ‘ஆட்டினு’க்கு அங்க ‘ஹார்ட்டன்’. 17-ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க கடலூர் தேவனாம்பட்டினத்துலயே வியாபாரக் கூடம் வச்சிருந்தாங்க. பிரெஞ்சுல துருப்புக்கு ‘அத்தூ’. பிரெஞ்சுப் பத்திரிகையில அது ‘சாதகமான அம்சம்’னே ஆகிப்போச்சு, சீட்டு வாசனையே போயிடுச்சு. தமிழ்ல ‘சீட்டு’ ஒட்டிக்கிட்டு இருக்குறதால உவமை இன்னும் உயிரோட இருக்கு.

விளையாட்டுச் செய்தி எழுதுறவங்களுக்கும் ஒண்ணு. எப்பவும் விக்கெட் எடுக்குற முதல் ஓவர் பௌலர் துருப்பு இல்ல. வழக்கமான பௌலர் எல்லாரும் தோத்தப்புறம், ஜோடியைப் பிரிக்க ரெண்டு ஓவருக்குப் பந்தைக் கையில குடுக்குறாங்களே அந்த பேட்ஸ்மேன், அவரை எழுதுங்க துருப்புச் சீட்டுன்னு.