மூர்த்தி சிறிதானாலும்: ஸ்கூல் போர்டு தேர்தலும் நம் வீட்டுப் பதினாறு வயதும்

(கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் நகர மன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த எங்கள் ஆசிரியர் பெருமகனார் அவர்களே, வணக்கம். இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த அன்பருக்கும், மதியத்திலிருந்தே நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், பின்னால் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் தங்கைமார்களுக்கும் என் நன்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 280 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்திருக்கிறீர்கள். அந்த அலுப்பு எனக்குத் தெரியும். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எங்கே போனாலும் ஒரு பழமொழியைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். ‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது.’ எங்கள் ஆச்சி சொல்லிச் சொல்லி என் காதில் ஏறியது. இன்றைக்கும் அதுதான் துணை.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, ஸ்கூல் போர்டு, அதாவது நம் பள்ளிகளை ஆளும் வாரியம், என்ன செய்கிறது. இரண்டு, பள்ளிக்கு வரும் பணம் யாருடையது. மூன்று, அந்தத் தேர்தலில் நம் வீட்டுப் பதினாறு வயதுக்கு ஏன் ஓட்டு வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்முடையது ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அது வேறு மாவட்டம், வேறு கவுன்டி. நம்மிடம் இருப்பவை ஐந்து பள்ளிகள்: குப்பர்டினோ, ஃப்ரீமான்ட், ஹோம்ஸ்டெட், லின்புரூக், மோன்டா விஸ்டா. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைதான். அதற்குக் கீழே உள்ள வகுப்புகளுக்குத் தனி மாவட்டம், தனி வாரியம். பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்ததும் பள்ளி மாறுகிறது என்று மட்டும் நினைக்கிறோம். அதை ஆளுகிறவர்களும் மாறிவிடுகிறார்கள். ஹோம்ஸ்டெட்டில் படித்தவர்கள்தான் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும். நம்மில் பாதிப் பேரை இந்தப் பள்ளத்தாக்குக்கு இழுத்து வந்த தொழிலின் ஒரு வேர் நம் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த ஐந்து பள்ளிக்கும் ஐந்தே ஐந்து வாரிய உறுப்பினர்கள். நான்கு ஆண்டுப் பதவி. மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்டை நியமிப்பதும் நீக்குவதும் அவர்கள். எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு, எந்தப் பாடம் உண்டு, எது கிடையாது, ஆசிரியர் சம்பள ஒப்பந்தம், மனநல ஆலோசகர் எத்தனை பேர், எல்லாம் அவர்கள் மேசைக்குத்தான் வர வேண்டும். வகுப்பில் செல்போனுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் கொள்கையை 2026 ஜூலை 1க்குள் ஒவ்வொரு வாரியமும் வகுத்தாக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. உங்கள் மகன் கையிலிருக்கும் போனுக்கு விதி எழுதுகிறவர்கள் வாஷிங்டனில் இல்லை. நீங்கள் காய்கறி வாங்கும் கடையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியிருக்க, நாம் என்ன செய்கிறோம்? வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வருகிறது. அதிபர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர் என்று ஆர்வமாகக் கறுப்பு மையால் நிரப்பிக்கொண்டே வருகிறோம். அதையெல்லாம் தாண்டி ஸ்கூல் போர்டு இடத்துக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது. ‘இவர்கள் யாரென்றே தெரியவில்லையே’ என்று காலியாக விட்டு, உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். முன்பெல்லாம் மாவட்டம் முழுவதும் சேர்ந்து எல்லோரையும் தேர்ந்தெடுத்தது. கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டம் 2002இல் நிறைவேறிய பிறகு, மாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பகுதிவாரித் தேர்தலுக்கு மாறின. நம் மாவட்டமும் அந்த வழிக்கு வந்துவிட்டது. ஒரு பகுதிக்கு ஒரு உறுப்பினர் என்றால் உங்கள் தெருவின் நூறு வாக்குக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு இடத்துக்கு ஒரே ஒருவர்தான் மனுப் போட்டார் என்றால் தேர்தலே கிடையாது. அந்த இடம் வாக்குச்சீட்டிலேயே அச்சாகாது. நான்கு ஆண்டு போனது போனதுதான். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது!

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13ஆம் எண் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதம் என்று கட்டிப்போட்டது. நம் மாவட்டத்தில் வீட்டு விலை உங்களுக்குத் தெரியும். உள்ளூர்ச் சொத்து வரியே மாநிலக் கணக்கு தரக்கூடியதைவிட அதிகமாக வருகிறது. ஆகவே நம் பள்ளிகள் பெரும்பாலும் நாம் கட்டும் வரியில் நடக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதில் சேர்த்தி, வீட்டுக்காரர் வரியை வாடகையில்தானே வைக்கிறார். அதற்கு மேல் கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் 55 சதவீத வாக்கு வேண்டும். ஒரு மனைக்கு இவ்வளவு என்று போடும் கூடுதல் மனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதற்கு விரிவான கணக்கு வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குத் தருகிறேன்.

இப்போது ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டம் இல்லை, வளைகுடாவின் இன்னொரு ஊர். பள்ளியின் பெயரும் வேண்டாம்.

மதுரைப் பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பெரியவள் இங்கேயே பிறந்தவள், பதினாறு வயது. அந்த அம்மா எனக்குத் தங்கை முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மகளுக்கு எவர்சில்வர் பாட்டிலில் சீரகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புவார். சாயங்காலம் பையைத் திறந்தால் பாட்டில் கொடுத்தபடியே கனமாகத் திரும்பி வரும். மூடியைக்கூடத் திருகியிருக்காது. ‘ஏன்டி தண்ணி குடிக்கிறதுக்குக்கூடவா சோம்பேறித்தனம்?’ என்று திட்டியிருக்கிறார். ஒரு வாரம், இரண்டு வாரம். பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கேட்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். பள்ளியில் வகுப்பு நேரத்தில் ரெஸ்ட்ரூமைப் பூட்டிவிடுகிறார்கள் அம்மா. யாரோ உள்ளே புகை பிடித்தார்களாம். திறந்திருப்பது ஒன்றே ஒன்றுதான், மறுகோடியில் இருக்கிறது. போய் வரிசையில் நின்றால் பாடம் போய்விடும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். ஏழு மணி நேரம், தொண்டை காயக் காய உட்கார்ந்திருக்கிறது பிள்ளை!

அந்த அப்பா எனக்குப் போன் செய்தார். ‘அண்ணே, என்ன செய்றதுன்னு தெரியல’ என்றார். போர்டு கூட்டத்துக்குப் போங்கள் என்றேன். அங்கேதான் தயக்கம். ‘நாங்க ஹெச்-1பி வேலை விசாவிலே இருக்கோம் அண்ணே. கிரீன் கார்டு வரிசையிலே பத்து வருஷமா நிக்கிறோம். நமக்கு எதுக்கு வம்பு?’ என்றார். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு நம் ஆட்களை எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்று இந்த அரங்குக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னேன், தம்பி, இப்படிப்பட்ட வாரியங்கள் கூட்டத்தை மக்கள் முன் நடத்த வேண்டும் என்று 1953இல் வந்த பிரவுன் சட்டம் இருக்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும். பொதுமக்களுக்குப் பேச நேரம் ஒதுக்க வேண்டும். நீ குடிமகனா என்று யாரும் கேட்க முடியாது, பெயர் சொல்லவேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது, போ என்றேன்.

போனார்கள். நானும் போனேன். கடைசி வரிசையில் நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எழுதி வைத்திருந்த தாள் கையில் நடுங்கியது. மகள் அதைப் பார்த்தாள். ‘நான் பேசுறேன்ப்பா’ என்று எழுந்து போய்ச் சீட்டை நிரப்பிக் கொடுத்தாள். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவள் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. பையிலிருந்து அந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். ‘இது காலையில் அம்மா கொடுத்தது. இன்னும் நிறைந்திருக்கிறது’ என்றாள். கல்விச் சட்டம் 35292.5ஆம் பிரிவு, மாணவர்கள் வகுப்பில் இருக்கும் நேரத்திலும் போதுமான கழிவறைகள் திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது என்றாள். அந்த எண்ணை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே தேடிப் படித்தது. நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அரங்கத்தில் சத்தமே இல்லை.

வாரியம் பதில் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாததை அங்கேயே விவாதிக்கச் சட்டம் இடம் தராது. வெளியே வந்ததும் அப்பா, ‘ஒரு வார்த்தை பேசலையே அண்ணே’ என்று கலங்கிவிட்டார். பொறு தம்பி என்றேன். அடுத்தடுத்த கூட்டங்களில் அது நிரலுக்கு வந்தது. பிறகு கழிவறைகள் திறந்தன, வெளியே ஒரு பணியாளர் நின்றார். ஒரு நாள் அந்தத் தங்கை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தார், எழுத்து ஒன்றும் இல்லை. சமையல் மேடைமேல் காலியான பாட்டில், மூடி திறந்தபடி.

அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் அந்த அப்பா கேட்ட கேள்விதான் என்னை இந்த மேடைவரைக்கும் துரத்தி வந்திருக்கிறது. ‘அண்ணே, நவம்பர்ல இவங்கள்ல யாருக்கு ஓட்டுப் போடணும்னு எனக்குத் தெரியும். ஆனா எங்க வீட்ல யாருக்கு ஓட்டு இருக்கு?’ அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை. தம்பிக்கு ஒன்பது வயது. அந்த வீட்டில் அமெரிக்கக் குடிமகள், விவரம் தெரிந்தவள், அந்தப் பள்ளிக்கே தினமும் போகிறவள், சட்டப் பிரிவு சொன்னவள் ஒருத்திதான். அவளுக்கும் ஓட்டு இல்லை, ஏனென்றால் வயது பதினாறு.

இங்கிருந்து பெர்க்லிக்கு வண்டியில் ஒரு மணி நேரம். அந்தப் பெண் பெர்க்லியிலோ ஓக்லாந்திலோ இருந்திருந்தால் ஸ்கூல் போர்டுக்கு வாக்களித்திருக்கலாம். பெர்க்லி மக்கள் 2016இலும் ஓக்லாந்து மக்கள் 2020இலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த உரிமையை வாக்களித்துக் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் இரண்டு ஊரிலும் பிள்ளைகள் முதல் தடவையாக வாக்குச்சீட்டு நிரப்பினார்கள். நியூ ஜெர்சியின் நியூவார்க்கிலும் 2025 ஏப்ரலில் நிரப்பினார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இது நமக்கு அந்நியமான யோசனையும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டை இந்த மேடையில் எல்லோரும் பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு ஆண்டு இருக்கும். கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, வயது முப்பத்தைந்துக்கு மேல் வேண்டும் என்றெல்லாம் விதி. ஆனால் குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்தது யார்? ஒரு சிறுவன். உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று தெரியாத பிள்ளை என்பதால் அவனை நம்பினார்கள். நம் பிள்ளைகளோ எல்லாம் தெரிந்த பிள்ளைகள். எந்த ஆசிரியர் உண்மையாகச் சொல்லிக்கொடுக்கிறார், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பிள்ளை மதியம் தனியாக உட்கார்ந்து அழுகிறது, வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அவர்களுக்குத் தெரியும். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சும்மாவா சொன்னார்கள்?

இது லேசான காரியம் என்று சொல்ல மாட்டேன். பெர்க்லிக்கும் ஓக்லாந்துக்கும் சொந்த நகரச் சாசனம் இருந்தது, அதைத் திருத்திக்கொண்டார்கள். நம் மாவட்டம் பல நகரங்களில் பரந்து கிடக்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழே இருக்கிறது. மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோதான் வழிவிட வேண்டும். பதினேழு வயதினர் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்கலாமா என்று 2020இல் 18ஆம் எண் முன்மொழிவாக மாநிலம் முழுக்கக் கேட்டார்கள், தோற்றது. தோற்றால் என்ன? பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1896இல் கேட்டுத் தோற்ற இதே கலிஃபோர்னியாதான் 1911இல் கொடுத்தது. பள்ளி வாரியத்துக்கு மட்டும், பதினாறு வயதுக்கு மட்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாநில செனட்டருக்கும் கடிதம் எழுதுவோம். எழுதி வைத்திருக்கிறேன், பின் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடக் குடியுரிமை தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்க சான் பிரான்சிஸ்கோவில் 2018 முதல் இடம் உண்டு. அதைக் கேள்விப்பட்டு இங்கே யாரும் பதிவு செய்துவிடாதீர்கள். இங்கே அது குற்றம், கிரீன் கார்டு கனவே போய்விடும். செய்ய வேண்டியது வேறு. குடியுரிமை உள்ள பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இந்த மாநிலத்தில் முன்பதிவு செய்யலாம். பதினெட்டு பிறந்த அன்றைக்குப் பதிவு தானாக உயிர் பெறும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, முடித்துவிடுகிறேன். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டிருப்பவர்கள், பதினாறு தாண்டியவர்களைக் கொஞ்சம் உள்ளே கூப்பிடுங்கள். ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ இருந்து, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் தெரிந்தால் போதும், போனிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் காபி மேசைக்குப் பக்கத்தில் இருப்பேன். அந்த எவர்சில்வர் பாட்டில்காரப் பெண்ணும் வந்திருக்கிறாள், பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். வணக்கம்.